கஞ்சிக்கு ஆகாத அரிசி

ஆவணி 16, செவ்வாய்

காலையில் தூறல். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. வந்தாலும் வேலையில்லை, அறுப்பு முடிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் எழுதுகிறேன். இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. மழை, மருந்தடிப்பு, மூட்டை எழுதத்தான் வைத்திருந்தேன். வைகாசியிலிருந்து என் வீட்டுக்காரி சரசு (ச.) சாப்பிட்ட ஸ்பூன் கணக்குதான் பக்கம் பக்கமாக.

இன்று:
காலை – கஞ்சி, 3 ஸ்பூன்
11 மணி – இளநீர், அரை டம்ளர்
மதியம் – கஞ்சி, 2 ஸ்பூன். பிறகு ஓங்கரிப்பு.
எடை – 42.1

நெல் மூட்டை நிறுக்கும் மெஷினில்தான் ஏற்றி நிறுத்துகிறேன். ஏறும்போதெல்லாம் ஒரே கேள்வி அவளுக்கு: "என்னைய எந்த மில்லுக்குங்க அனுப்பப் போறீங்க?" சிரிப்பதற்குத் தெம்பில்லை, வாய் மட்டும் குறையவில்லை.

மார்பில் கட்டி எடுத்தாயிற்று. கீமோ நாலு முடிந்தது. ஐந்தாவது அடுத்த வாரம் புதன். எடை 42-க்குக் கீழே போனால் ஊசியைத் தள்ளி வைப்பேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தள்ளிப் போகக் கூடாது. நாள் தவறி அடித்த மருந்து பயிருக்கே பிடிக்காது, மனுஷிக்கு எப்படிப் பிடிக்கும்.

வாயெல்லாம் புண். உப்பு, புளி, உறைப்பு எதுவும் தெரியவில்லை, எல்லாம் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். என் அக்கா வீட்டு விருந்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "ரசத்துல உப்பு கூடங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவள் இவள். இப்போது எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்குதுங்க." இரண்டு ஸ்பூன், பிறகு மூடி வைத்துவிடுகிறாள். அந்த "நல்லா இருக்குது"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கஞ்சி நான்தான் வைக்கிறேன். மூன்று மாதமாக அடுப்பு என் கையில். எங்கள் வயலின் சிவப்பு மட்ட அரிசி, வீட்டிலேயே புழுக்கியது. நோயாளிக்குப் புழுங்கலரிசிதான், பச்சரிசி ஆகாது, சளி கட்டும். எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

பச்சரிசி என்றால் சாமி டின்னில் இருப்பதுதான். அறுத்த முதல் கட்டில் ஒரு படி நெல் எடுத்து, புழுக்காமல், வெயிலில் காயவைத்து அரைப்பது. எங்களைச் சுற்றியிருக்கிற மலையாளத்துக்காரர்கள் உணக்கலரி என்பார்கள். கோயில் பொங்கலுக்கு முன் யாரும் தொடக் கூடாது. இந்த வருடமும் ச.தான் டின்னைத் துடைத்து, மஞ்சள் துணி கட்டி, சாமி அலமாரியில் வைத்தாள். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

சாயந்திரம் மகள் கவிதா போன். ஓணத்துக்கு அவளுக்கு லீவு இல்லை. மூணாறு பக்கம் சின்னக்கானல் ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை, ஓணத்துக்கு எல்லா ரூமும் ஃபுல். "ஊரே லீவுக்கு இங்க வருது, எனக்கு எங்கப்பா லீவு? நீங்க வாங்க." போனை வைத்த பிறகும் ச. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போலாமுங்களா?"

டாக்டரிடம் கேட்டேன். கூட்டம் கூடாது, மாஸ்க் வேண்டும், சாப்பாடு அப்போது சமைத்ததாக, சூடாக. போகலாம்.

முடிவாயிற்று. டயரில் காற்று. பிளாஸ்க் 2. கம்பளி. மாத்திரை டப்பா. அரிசி 1 கிலோ, நம்முடையது.

17, புதன்

ஐந்தரைக்குக் கிளம்பினோம். எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டில், போலீஸ்காரர் மாஸ்க்கையும் தலைத்துணியையும் பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பிவிட்டார். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு.

சின்னாறு தாண்டி வண்டியை நிறுத்தினேன். பிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். "அந்த மரத்தடியில நின்னு குடிக்கிறேனுங்க, காத்து வருது" என்று இறங்கிப் போனாள். கண்ணாடியில் பார்த்தேன். டம்ளரைப் புளியமரத்து வேரில் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"குடிச்சுட்டனுங்க. நல்லா இருந்துது."

டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். மறையூர் வரை ரேடியோ கூடப் போடவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் பயம். எத்தனை நாளாகக் கொட்டுகிறாள்? இந்த டைரியில் எழுதிய ஸ்பூன்களில் எத்தனை நிஜம்?

மறையூரில் வெயில், மூணாறில் மழை, சூரியநெல்லியில் எதிரே வருபவர் தெரியாத பனி. இரண்டரை மணிக்குச் சேர்ந்தோம். கவிதாவுக்கு ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, ஜன்னலைத் திறந்தால் தேயிலை. அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மெயின் ரோட்டில் சீனக் கஞ்சிக் கடை ஒன்று வந்திருக்கிறதாம். ரிசார்ட்டில் வயிறு சரியில்லாத விருந்தாளிகளை அங்கேதான் அனுப்புவாளாம்.

"நெல்லு விளையற ஊர்ல இருந்து மலையேறி வந்து சீனாக்காரங்கிட்டக் கஞ்சி குடிக்கோணுமா கண்ணு?"

"சீனாக்காரர் இல்லப்பா, செல்வி அக்கா. இங்க எஸ்டேட்ல பொறந்தவங்க. பினாங்குல ஒரு சீனக் குடும்பத்தோட கஞ்சிக் கடையில பத்து வருசம் சமைச்சவங்க."

"யாரா இருந்தா என்ன. கஞ்சி எனக்கு வெக்கத் தெரியும்."

கவிதா என்னைப் பார்த்த பார்வை அப்படியே அவள் அம்மாவுடையது. ராத்திரிக்கும் நான்தான் கஞ்சி வைத்தேன். 2 ஸ்பூன். இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணினேன்.

18, வியாழன். திருவோணம்

மழை விட்டுவிட்டு. ஜீப்புகள் வரிசையாக, எல்லாம் டூரிஸ்ட். ஓணத்துக்கு எடுத்த புதுச் சட்டை போட்ட ஒரு குடும்பம் தேயிலைக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தது.

கவிதா ரிசார்ட்டிலிருந்து ஓண விருந்துச் சாப்பாடு பார்சல் கொண்டுவந்தாள். இலை விரித்துப் பரிமாறினாள். ச. ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். பருப்பு நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர். பாயசத்தின் வாசனைக்கே எழுந்து போய்விட்டாள். காலையிலிருந்து பால் அரை டம்ளர், அவ்வளவுதான். ஓண நாளில் என் மனைவி பட்டினி.

மூன்றரைக்குக் கார்ச் சாவியை எடுத்தேன். "கிளம்பு." அவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். தோற்றுப் போய்த்தான் போனேன், அதை இங்கே எழுதிவைப்பதில் வெட்கமில்லை.

கடை: ஐந்து மேஜை. சிவப்புக் காகித விளக்கு இரண்டு. கூட்டம் போய் ஈரத் தரை. உள்ளே நுழைந்ததும் இஞ்சி வாசம். செல்விக்கு நாற்பது வயதிருக்கும், தலையில் துணி கட்டியிருந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள், ச.வின் மாஸ்க்கையும் தலைத்துணியையும் பார்த்தாள், நேராக அவளிடமே போய்விட்டாள்.

"வாங்கக்கா. எங்கிட்டு இருந்து வாரீக? முழுங்கயில வலிக்குதா, வாய்க்குள்ளயே எரியுதா?"

"வாய்தானுங்க."

"அப்ப மிளகு வேண்டாம், சோயா வேண்டாம். கோழி எலும்புத் தண்ணியில வெறுங்கஞ்சி. சூடு ஆறுனப்புறம் தாரேன்."

போர்டில் எழுதியிருந்தவை: கோழிக் கஞ்சி, மீன் கஞ்சி, வேர்க்கடலைக் கஞ்சி, எண்ணெயில் பொரித்த நீள மாவு, கறுப்பு முட்டை. நான் கஞ்சி வேண்டாமென்று டீ கேட்டேன். செல்வி டீயோடு, கேட்காமலே, ஒரு தட்டில் கறுப்பு முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். சாம்பலிலும் சுண்ணாம்பிலும் பல நாள் ஊறவைப்பதாம். வெள்ளைக் கரு கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் கரு பச்சைச் சேறு. வாசம் மாட்டுத் தொழுவத்தின் வாசம், பொய்யில்லை.

ச. முட்டையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை நிஜமாகச் சிரித்தாள்.

"இதை நீங்க தின்பீங்களாக்கும்?"

"நீ அஞ்சு ஸ்பூன் குடிச்சா நான் ஒரு துண்டு தின்கறேன்."

"பொறவு பேச்சு மாறக்கூடாதுங்க."

கஞ்சி வந்தது. வெள்ளை. அரிசியே காணோம். பாலைச் சுண்டக் காய்ச்சிய மாதிரி இருந்தது. முதல் ஸ்பூனை வாயில் வைத்துவிட்டு ச. அசையாமல் இருந்தாள். துப்பப் போகிறாள் என்று டம்ளரை நீட்டினேன். விழுங்கினாள். இரண்டாவது. மூன்றாவது. ஐந்து ஆனதும் ஸ்பூனால் முட்டைத் தட்டைத் தட்டிக் காட்டினாள்.

தின்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு மோசமான ஒன்றைத் தின்றதில்லை. செல்வி சமையல் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். பத்தாவது ஸ்பூனுக்கு இரண்டாவது துண்டு. பதினாலில் நிறுத்தினாள். மூன்றாவது துண்டிலிருந்து தப்பித்தேன்.

ஓங்கரிப்பு இல்லை. காரில் தூங்கிவிட்டாள். 14.

19, வெள்ளி

பனி. எட்டரைக்கே கடை வாசலில் நாங்கள். காலை – 12 ஸ்பூன்.

நேற்றே தீர்மானித்துவிட்டேன், இதைக் கற்றுக்கொள்ளாமல் மலை இறங்குவதில்லை. ச. சாப்பிடும்போது சமையற்கட்டு வாசலில் போய் நின்றேன். செல்வி ஒளிக்கவில்லை. சொன்னது:

– அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் பன்னிரண்டு
– அரிசியைக் கழுவி, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசறி அரை மணி நேரம் வைக்கவும்
– கொதித்த எலும்புத் தண்ணீரில் போடவும்
– ஒரு மணி நேரத்துக்கு மேல், சின்னத் தீ
– கடைசிக் கால் மணி நேரம் கை எடுக்காமல் கிளறவும்
– உப்பு இறக்கும்போது

"அண்ணே, நீங்க வீட்டுல என்ன அரிசில வைக்கீக?"

பெருமையாகவே சொன்னேன். எங்கள் மண்ணின் மட்ட அரிசி, நானே புழுக்கியது, தவிடு போகாதது, சத்து முழுக்க இருக்கிறது, மூன்று மணி நேரம் வைத்தாலும் பருக்கை குலையாது.

செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். "குலையாதுல்ல. அதாண்ணே. வாயெல்லாம் புண்ணா இருக்கவுகளுக்கு அந்தப் பருக்கையையா குடுத்தீக? இது பச்சரிசி. இதுதான் கரையும்."

"பச்சரிசி நோயாளிக்கு ஆகாதுங்களே."

"எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லும். ஆனா அக்கா முழுங்குதாகல்ல, பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். அக்கா கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடம் நெல் விளைவித்தவன். எந்த அரிசி வெடிக்கும், எது குலையாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டு அடுப்பில் அது ஒரு நாளும் தோன்றவில்லை.

காரில் கேட்டேன். "பருக்கை குத்துச்சா?"

தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு, "மணலை மெல்லற மாதிரி இருக்குமுங்க."

"ஏன் சொல்லல?"

"நம்ம வயல் அரிசிங்களே. நீங்க வெடியால எந்திரிச்சு, கண்ணெல்லாம் புகையோட, அதைக் கிளறிக் கிளறிக் கொண்டாந்து குடுப்பீங்க. எப்படிங்க சொல்றது?"

வண்டியை எடுக்க முடியவில்லை. தேயிலை பறிப்பவர்கள் ஒரு கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. ஒரு பெண் குனிந்து உள்ளே பார்த்துவிட்டுப் போனாள். நான் அழுததை ச. பார்த்தாள், அந்தப் பெண்ணும் பார்த்தாள். இருக்கட்டும்.

"இனிமே நல்லா இருக்குதுன்னு சொன்னீன்னா பாரு" என்றேன்.

"சரிங்க" என்றாள். அதையும் நம்பவில்லை.

20, சனி

கவிதா டிபன் டப்பாவில் செல்வியின் கஞ்சி அடைத்துக் கொடுத்தாள். வழியில் மறையூரில் ஏழு ஸ்பூன். மரத்தடிக்கு விடவில்லை, காருக்குள்ளேயே. உடுமலையில் பச்சரிசி 5 கிலோ. கோழி எலும்பு பொள்ளாச்சியில்.

வீட்டுக்கு வந்ததும் மெஷினில் ஏற்றினேன்: 41.7.

மறுபடி ஏறச் சொன்னேன். 41.7.

போகும்போதும் ஓணத்தன்று பகலும் பட்டினி கிடந்ததன் பலன். இரண்டு நாள் கஞ்சி அதற்கே சரியாகப் போயிருக்கிறது. இன்னும் மூன்று நாள் இருக்கிறது. முன்னூறு கிராம். ஐந்தாறு கைப்பிடி நெல். அது கூட என்னால் ஏற்ற முடியாதா?

21, ஞாயிறு

வெயில். களத்தில் ஆள் இல்லை, ஓண லீவு இன்னும் முடியவில்லை அவர்களுக்கு.

காலை, முதல் முயற்சி. அடிபிடித்தது. கொட்டினேன்.
பத்து மணி, இரண்டாவது. கரைந்தது. ஆனால் ஒரு சாக்கு வாசம். ச.வுக்கு இப்போதெல்லாம் மூக்கு நாய் மூக்கு. மூன்று ஸ்பூன்.

"நல்லா இருக்குதுங்க."

"பொய் சொல்லாத."

"…மூட்டை நாத்தமுங்க."

அப்படிச் சொல்லு! கஞ்சி தோற்றாலும் எனக்கு ஒரு சந்தோஷம்.

செல்விக்குப் போன். "பழைய அரிசியா இருக்கும்ணே. பினாங்குல புது அரிசி வந்துட்டுன்னா அதுக்குன்னே கூட்டம் வரும். புதுசு தன்னால கரையும், வாசமும் பால் வாசமா இருக்கும். உங்களுக்கா கெடைக்காது? நீங்கதான் வெவசாயியாச்சே."

விவசாயியின் வீட்டில் புது நெல் அத்தனையும் புழுக்கியாயிற்று. அண்டை வீட்டார் நெல்லும் அப்படியே. ஈர நெல் வாங்கிக் காயவைத்து, மில் திறந்து, அரைத்து வருவதற்குள் புதன் போய்விடும்.

புதுப் பச்சரிசி இந்த வீட்டில் ஒரே இடத்தில் இருக்கிறது. மஞ்சள் துணி கட்டி.

சாயந்திரம் முழுக்க அந்த அலமாரியைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

22, திங்கள்

காலை ஆறு மணி. குளித்தேன். துணியை அவிழ்த்தேன். ஒரு டம்ளர் அரிசி அளந்து எடுத்தேன். சாமி கோபித்துக்கொண்டால் என்னிடம் வரட்டும். பொங்கலன்று நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

எலும்பு போடவில்லை. அந்த அரிசியில் அதற்கு மனம் வரவில்லை. பச்சைத் தண்ணீர், இஞ்சி ஒரு துண்டு. ஒன்றேகால் மணி நேரம். கடைசிக் கால் மணி கை எடுக்கவில்லை. கரைந்தது. இளஞ்சிவப்பு நிறம். வாசம் அறுப்பு நாள் வாசம்.

ச. கிண்ணத்தைப் பார்த்தாள். நிறமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஏனுங்க. இது சாமி அரிசி."

"ஆமா."

"பொங்கலுக்கு வெச்சதுங்க! வெளையாடுறீங்களா?"

"சாமிக்கு வாயில புண்ணில்ல, சரசு. சாமியை மெஷின்ல ஏத்தி நிறுத்து ஊசி போடறதுமில்ல."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் கிண்ணத்தோடு எழுந்தாள். கொட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். தடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். நேராகச் சாமி அலமாரிக்குப் போனாள். கிண்ணத்தை விளக்கு முன்னால் வைத்தாள். விளக்கேற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள், என்னைப் பற்றிய புகாராகத்தான் இருக்கும். ஐந்து நிமிடம். திரும்பக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சாமி குடிச்சாச்சு. மீதி எனக்கு."

16 ஸ்பூன். மதியம் மறுபடி விளக்கு, மறுபடி 11. ராத்திரி 13. இன்று சாமிக்கு மூன்று வேளையும் கஞ்சி.

23, செவ்வாய்

தூறல். எடை 41.9.

மூன்று வேளை வைத்தேன். காலை அவசரத்தில் வாய்க்கால் ஆள் வந்து கூப்பிட்டான், அடுப்பை விட்டுப் போகவில்லை. "அப்புறமேலுக்கு வா" என்று கத்தினேன். டின் பாதிக்கு வந்துவிட்டது. ராத்திரிக் கஞ்சி மாத்திரை, ஆஸ்பத்திரிப் பை, ஃபைல் தேடுவதற்கு நடுவில் வைத்தேன். நல்லபடி கரைந்தது. கிண்ணம் முழுக்கக் குடித்தாள். நடுவில் ஒருமுறை ஸ்பூனை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க." மறுபடி குடித்தாள்.

ஃபைல் – எடுத்தாயிற்று. ரத்த ரிப்போர்ட் – எடுத்தாயிற்று. மாஸ்க். கம்பளி. காலையில் கஞ்சி வைத்துப் பிளாஸ்க்கில் ஊற்ற வேண்டும்.

24, புதன்

நாலரைக்கு எழுந்தேன். நம் மெஷினில் ஏற்றவில்லை, தைரியம் வரவில்லை. கோயமுத்தூர் எட்டு மணி.

ஆஸ்பத்திரி மெஷின்: 42.3.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். "கரெக்டா 42.3தானே?" என்று நான் இரண்டு தரம் கேட்டேன். ரத்தம் சரி. டாக்டர் பார்த்தார், தலையசைத்தார். ஊசி இன்றைக்கே. பத்தரைக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நர்ஸ் டியூபைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். "என்னக்கா சாப்பிடறீங்க? போன தடவைக்குப் புண்ணு ஆறியிருக்குதே."

"கஞ்சிதான் சிஸ்டர். இவருதான் வெக்கறாரு." ச. என் பக்கம் திரும்பவே இல்லை. "நேத்து ராத்திரி உப்பே போடல. மனுசன் குடிப்பானா அதை?"

நேற்று ராத்திரி உப்புப் போட மறந்தது உண்மைதான். நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. உப்பில்லாதது அவள் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.